அறுபது சஹன்

சிம்பாங் அம்பாட்,
2.3.1987, திங்கள்.

அன்புத் தங்கச்சி யோகத்துக்கு,

சலேஹா அக்கா எழுதுகிறேன். அல்லாஹ் கிருபையால் மகளும் பேரனும் சுகம். மாதக் கடைசியில் பிறக்க வேண்டியவன், மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவரும் வரைகூடப் பொறுக்காமல் இங்கேயே பிறந்துவிட்டான். எங்கள் குடும்பத்தில் யாருக்குத்தான் பொறுமை இருந்தது? மூக்கு மட்டும் என் மூக்கு. மற்றதெல்லாம் அவன் வாப்பா வீட்டுச் சாயல். போகட்டும், மூக்காவது கிடைத்ததே.

மருமகன் வீட்டுக்கு டெலிபோன் இன்னும் வரவில்லை. நம்ம கமால் திங்களும் வியாழனும் காய்கறி வேனை இந்தப் பக்கம் ஓட்டி வருகிறான். விடியற்காலையில் உன் கடிதத்தை அவனிடம் கொடு. அவன் பசாரில் சாமான் இறக்கி முடிப்பதற்குள் நான் பதில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ஏழு வருஷமாக நீ ஆர்டரும் கணக்கும், நான் அடுப்பும் ஆட்களும் என்று நம் விருந்துச் சமையல் தொழிலை ஓட்டிவிட்டோம். இந்த நாற்பது நாளும் இரண்டையும் நீதான் பார்க்க வேண்டும். பயப்படாதே. என் வீட்டுச் சமையல்கட்டுச் சாவி உன்னிடம் இருக்கிறது. சமைக்கச் சீனி முகம்மது இருக்கிறார். நல்ல கை. சொன்னதைச் செய்வார், வாயைத் திறக்க மாட்டார். ஆள் வந்தால் முதலில் உட்கார வை, தேத்தண்ணி கொடு, பிறகு விலை சொல். நீ நிற்க வைத்தே விலையைச் சொல்லிவிடுகிறாய். ஓடாமல் என்ன செய்வார்கள்?

இன்னொன்று. பாயான் பாரு பசார் முனையில் கடை வைத்திருக்கிறானே ஷேக் அலாவுதீன், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. ஒரு கல்யாண வீட்டுச் சபையில் நின்றுகொண்டு என் கறி ஆணத்தைத் தண்ணியாக இருக்கிறது என்று சொன்ன வாய் அது. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

கமால் ஹார்ன் அடிக்கிறான்.

பிரியமுள்ள அக்கா,
சலேஹா


ஆயர் ஈத்தாம்,
5.3.1987, வியாழன்.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சலேஹா அக்காவுக்கு,

யோகலட்சுமியின் வணக்கம். பேரன் பிறந்த செய்தி கேட்டு நானும் அவரும் மிகவும் மகிழ்ந்தோம். அவர் உடனே, "அப்ப பலகாரம் எங்க?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் படிப்பித்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது?

இங்கே வேலைகள் ஒழுங்காக நடக்கின்றன. ஆனால் சில விஷயங்களில் உங்கள் முடிவு தேவைப்படுகிறது. கசகசா எந்த டப்பாவில் இருக்கிறது? சீனி முகம்மதுவிடம் கேட்டால் "உள்ள இருக்கு" என்கிறார். எதன் உள்ளே என்று கேட்டேன், அகப்பையைக் கழுவப் போய்விட்டார். தனலெட்சுமி வெங்காயம் உரிக்கும்போது சத்தமாகப் பாடுகிறாள். அனுமதிக்கலாமா? சனிக்கிழமை ஆசிரியர் விருந்தில் ஒருவர் முட்டை சாப்பிட மாட்டாராம், அவருக்கு என்ன செய்வது? பெரிய சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதா, நிமிர்த்தி வைப்பதா? கோழிக்காரர் நீங்கள் இல்லாததைப் பார்த்து மெலிந்த கோழியாகத் தள்ளிவிடப் பார்க்கிறார், அவரிடம் எப்படிக் கதைப்பது?

தயவுசெய்து ஒவ்வொன்றுக்கும் வடிவாகப் பதில் எழுதவும்.

அன்புடன்,
யோகலட்சுமி விஸ்வலிங்கம்


சிம்பாங் அம்பாட்,
5.3.1987.

யோகம்,

கேள்வி கேட்டே என்னைக் கபுறுக்கு அனுப்பிவிடுவாய் போலிருக்கிறது! முட்டை சாப்பிடாதவருக்கு முட்டை வைக்காதே. இதற்கு ஒரு கடிதமா? தனலெட்சுமி பாடட்டும், பாடாவிட்டால் தூங்கிவிடுவாள். சட்டியைக் கவிழ்த்து வை, நிமிர்த்தி வை, தலையில் வேண்டுமானாலும் வைத்துக்கொள். கோழிக்காரனிடம் ஒன்றும் கதைக்க வேண்டாம். கோழியைத் தூக்கிப் பார், அவன் முகத்தைப் பார், பேசாமல் நில். தானே மாற்றிக் கொடுப்பான்.

இத்தனை வருஷம் துறைமுக ஆபீசில் வேலை பார்த்தவள் நீ. உனக்கா தெரியாது? இனிமேல் எதற்கும் என்னை எழுதிக் கேட்காதே. யோசி, செய், பிறகு சொல். நான் இங்கே பிள்ளையைக் குளிப்பாட்டுவேனா, உனக்குப் பதில் எழுதுவேனா?

மருமகன் ஒரு செய்தி சொன்னார். இங்கே முச்சந்தியில் ஒரு கடைவீடு காலியாம். புதிதாக ஃபேக்டரிகள் வருகின்றனவாம். "மாமி, நீங்க இங்கயே ஒரு சாப்பாட்டுக் கடை போட்டுடுங்க லா, பேரனையும் பாத்துக்கலாம்" என்கிறார். சும்மா உனக்குச் சொல்லி வைக்கிறேன்.

சலேஹா


ஆயர் ஈத்தாம்,
12.3.1987, வியாழன்.

அன்புள்ள அக்காவுக்கு,

திங்கட்கிழமை எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். நீங்கள் சொன்னபடி யோசித்தேன், செய்தேன், இப்போது சொல்கிறேன். பெரிய செய்தி! ஹபீபா பீவி அம்மா நம்மைத் தேடி வந்தார். ஆமாம், துணிக்கடை ஹபீபா பீவியேதான். பாயான் பாருவில் புதுவீடு குடிபோகிறாராம். இன்று மத்தியானம் மௌலூது விருந்து. கோழி பிரியாணி, தால்ச்சா, அச்சார்.

முதலில் உட்கார வைத்தேன். தேத்தண்ணி கொடுத்தேன். பிறகுதான் விலையைச் சொன்னேன். நீங்கள் சொன்னது எவ்வளவு சரி! விலையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இவ்ளோதானா? யோகம்மா, உங்க மனசு யாருக்கும் வராது" என்றார்.

"அறுபது சஹன் வேணும்" என்றார். வேறு யாராக இருந்தாலும் விழித்திருப்பார்கள். உங்கள் வீடுகளில் தட்டைச் சஹன் என்று சொல்வது எனக்குத் தெரியாதா? உங்கள் ஆட்களின் விருந்துகளை நீங்களே கதைத்து முடித்துவிடுவீர்கள், என் கைக்கு மொத்தத் தொகைதான் வரும். இருந்தாலும் ஏழு வருஷம் உங்கள் அடுப்பங்கரையில் காது இல்லாமலா நின்றேன்? சீனி முகம்மதுவுக்குக் குழப்பம் வரக்கூடாதென்று, சஹன் கிஹன் என்று சொல்லாமல், தெளிவாக "அறுபது பேர்" என்று சொல்லிவிட்டேன். கூடப் பத்துப் பேருக்குச் சேர்த்துப் போடவும் சொல்லியிருக்கிறேன். உங்களைப் போலத் தாராளமாகச் செய்திருக்கிறேன், பாருங்கள்.

கடைவீட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது உங்கள் விருப்பம். அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது?

யோகலட்சுமி


சிம்பாங் அம்பாட்,
12.3.1987.

யா அல்லாஹ்! யோகம்!

சஹன் என்றால் தட்டு இல்லை, தாம்பாளம்! ஒரு சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அறுபது சஹன் என்றால் இருநூற்று நாற்பது வாய்! நீ சமைத்து வைத்திருப்பது எழுபது வாய்க்கு!

உன் கடிதத்தை நடுவில் விட்டுவிட்டு, தலையில் துணிகூடச் சரியாகப் போடாமல் சீனன் கடைக்கு ஓடிப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. எல்லாரும் பாயான் பாருவுக்குப் புறப்பட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. விலையைக் கேட்டு அந்தம்மா ஏன் கையைப் பிடிக்க மாட்டார்? நாலு பேர் சாப்பாட்டை ஒருத்தர் விலைக்குக் கொடுத்தால் நான் காலையே பிடிப்பேன்!

மௌலூது ஓதிய வீட்டில் சோறு பற்றாமல் போனால் பினாங்கில் நம் பெயரைச் சொல்லி யாரும் ஒரு கிளாஸ் தண்ணிகூட வாங்க மாட்டார்கள். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன். எழுதாமல் என்ன செய்வது?

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, மடச்சி?

சலேஹா


ஆயர் ஈத்தாம்,
16.3.1987, திங்கள்.

அன்புள்ள சலேஹா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வியாழன் சாயங்காலம் கிடைத்தது. அதில் இருந்ததெல்லாம் அதற்கு முன்பே எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. முதலில் இதைப் படியுங்கள்: நம் பெயர் கெடவில்லை. இப்போது மூச்சை விட்டுக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

சட்டிகளை இறக்கிவிட்டு ஹபீபா பீவியின் கூடத்தை எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் துணி விரித்து, குளிப்பாட்டும் தொட்டி அளவுக்குத் தாம்பாளங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். "இது எதுக்கம்மா இவ்வளவு பெரிய தட்டு?" என்று கேட்டேன். "நாலு பேரு ஒண்ணா உட்காந்து சாப்பிடணும்ல, யோகம்மா" என்றார். சீனி முகம்மதுவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தாம்பாளங்களைப் பார்த்தார், சட்டிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அந்த மனுஷன் வாயைத் திறந்தார். "அக்கா, செத்தோம்" என்றார்.

பின்வாசலால் ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மறைத்து மறைத்துப் பரிமாறலாமா என்றும் தோன்றியது. பிறகு ஹபீபா பீவியை அடுப்படிக்கு இழுத்துப்போய், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அவர் திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். "அதானே பாத்தேன்! அந்த வெலையக் கேட்டதும், சலேஹா யாவாரத்த மூடப் போறாளா, சாமான எல்லாம் தள்ளி விடுறாளான்னு நெனச்சேன்!" சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். "சரி, ஓதி முடிக்க ஒரு மணி நேரங்கூட இல்ல. இப்ப என்னா செய்யிறது?"

அக்கா, இனி எழுதுவதைப் படித்துக் கோபித்தாலும் சரி. கூட வந்திருந்த எங்கள் வீட்டுக்காரரைக் காடியை எடுக்கச் சொல்லி, நேரே ஷேக் அலாவுதீன் கடைக்குப் போனேன். பாயான் பாருவில் அந்த நேரத்தில் அத்தனை சோறு வேறு யாரிடம் இருக்கும்? ஃபேக்டரிப் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றார்கள். என்னைக் கண்டதும் அலாவுதீன், "உட்காருங்கக்கா, தேத்தண்ணி குடிங்க" என்றார். "உட்கார நேரமில்லை, சோற்றுச் சட்டி வேணும், முழுச் சட்டியும் வேணும்" என்று கத்திவிட்டேன். நான் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

"யாரு வேல?" என்று கேட்டார். "சலேஹா அக்காவோடது" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டார். வரிசையைப் பார்த்து, "தம்பிமாரே, தங்கச்சிமாரே, இன்னிக்கி பக்கத்துக் கடையில சாப்பிடுங்க லா. நம்ம வீட்டு விசேஷம்" என்று சொல்லிக் கடையை அடைத்தார். நெய்ச்சோறு, பொரித்த கோழி, மீன் தலைக் கறி எல்லாவற்றையும் ஏற்றினோம். மீன் கறிச் சட்டியை எங்கள் வீட்டுக்காரர் மடியில் வைத்துக்கொண்டார், நான் காடியை ஓட்டினேன். இவருடைய வெள்ளைக் கால்சட்டை இனி வெள்ளை இல்லை.

துஆ ஓதி முடிவதற்கும் நாங்கள் சஹன் வைப்பதற்கும் சரியாக இருந்தது. நடுவில் நம் பிரியாணி, சுற்றிலும் அவருடைய நெய்ச்சோறு, மேலே இரண்டு பேருடைய கோழியும். நாலு நாலு பேராக உட்கார்ந்து, கோழித் துண்டை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளித் தள்ளி விட்டுச் சாப்பிட்டதைப் பார்க்க அவ்வளவு வடிவாக இருந்தது! ஒரு பெரியவர் மறுசோறு கேட்டு, "அருமையா இருக்கே, யாரு சமையல்?" என்றார். அலாவுதீன் கையில் அகப்பையோடு நின்றார். கூடமே கேட்கும்படி, "ஆயர் ஈத்தாம் சலேஹா ராத்தா சமையல்" என்றார். என் காதால் கேட்டேன், அக்கா. தன் பெயரை அவர் சொல்லவே இல்லை.

அவருக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிட்டேன். ஹபீபா பீவியும் தங்கமான மனுஷி, நியாயமான விலையை அவரே கேட்டுக் கொடுத்தார். மகள் கல்யாணமும் நமக்குத்தானாம்! இரண்டு வீட்டுக்காரர்கள் அங்கேயே ஆர்டர் சொல்லிவிட்டார்கள். இனி சஹன் என்றால் நான் பினாங்கு முழுவதற்கும் பாடம் நடத்துவேன்.

சந்தோஷம் தாங்கவில்லை, அக்கா. மூன்று நாளாகக் கால் தரையில் படவில்லை.

உங்கள் தங்கை,
யோகம்


சிம்பாங் அம்பாட்,
16.3.1987.

யோகம்,

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பேரன் விழித்து அழுதான். பிறகு நானும் கொஞ்சம் அழுதேன்.

அவன் கடைக்குப் போயிருக்கிறாய். போகாதே என்று நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். போகட்டும், சோறு பற்றியது, பெயர் பிழைத்தது. நான் ஏச வாய் எடுத்தால் எனக்கே நன்றாக இல்லை.

ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. நான் இல்லாமல் எல்லாம் நடக்கிறது. நான் இருந்திருந்தால் அலாவுதீனிடம் போயிருக்க மாட்டேன், சபையில் தலைகுனிந்து நின்றிருப்பேன். நீ போனாய், வென்றாய். ஆர்டர் எடுக்கிறாய், ஆட்களைச் சமாளிக்கிறாய், கத்தவும் கற்றுக்கொண்டாய். இனி நான் எதற்கு உனக்கு?

கடைவீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்கிறார். மருமகனிடம் சரி என்று சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். மகளும் பேரனும் பக்கத்திலேயே இருப்பார்கள். அடுப்பு, சட்டி, சமையல்கட்டு எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள். சண்டை இல்லாமல், சிரித்த முகமாகப் பிரிந்துகொள்வோம். ஏழு வருஷம் நல்லபடியாக இருந்தோம், அல்லாஹ்வுக்கே புகழ்.

அக்கா,
சலேஹா


ஆயர் ஈத்தாம்,
19.3.1987, வியாழன்.

சலேஹா அக்காவுக்கு,

வணக்கம், சுகம் எல்லாம் இன்றைக்குக் கிடையாது.

"இனி நான் எதற்கு உனக்கு" என்று எழுதக் கை எப்படி வந்தது? தேவையா இல்லையா என்று பார்த்து வைத்துக்கொள்ள நீங்கள் என்ன குளிர்சாதனப் பெட்டியா? எனக்கு நீங்கள் தேவை என்பதற்காகவா ஏழு வருஷம் உங்களோடு புகையில் நின்றேன்? உங்களோடு வேலை செய்யப் பிடித்தது, நின்றேன். காலையில் நீங்கள் வந்ததும் ஊர்க்கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பீர்கள், அதற்காக நின்றேன். இரண்டு வாரமாக இந்தச் சமையல்கட்டில் யார் சிரிக்க வைக்கிறார்கள்? சீனி முகம்மதுவா?

நீங்கள் இல்லாமல் நான் ஒன்றும் வென்றுவிடவில்லை. அலாவுதீன் சட்டியைத் தூக்கிக் கொடுத்தது என் முகத்துக்காகவா? உங்கள் பெயரைச் சொன்னேன், அதற்காகக் கொடுத்தார். கேளுங்கள், அவர் சொன்னதை எழுதாமல் விட்டிருந்தேன், இப்போது எழுதுகிறேன். "ஆணம் தண்ணியா இருந்திச்சின்னு சொன்னது பொய் இல்லக்கா, அன்னிக்கி தண்ணியாத்தான் இருந்திச்சி. ஆனா சபையில சொன்னது தப்பு. ராத்தா ஒரு தடவ என்னைய நல்லா ஏசிட்டா தேவலாம். இப்பிடி ஏசாமலே இருக்குறது தாங்கல" என்றார்.

என்னைக் கேட்டிருக்கக் கூடாதா என்று என்னைத் திட்டினீர்களே. கேட்டேன். கசகசாவிலிருந்து சட்டிவரை கேட்டேன். கேட்காதே என்றது யார்? சரி, அது கிடக்கட்டும். கடைவீட்டைப் பற்றி நீங்கள் என்னைக் கேட்டீர்களா? சொன்னீர்கள். கேட்பதும் சொல்வதும் ஒன்றா? இது நம் இரண்டு பேருடைய தொழில் என்றால், "யோகம், நீ என்ன நினைக்கிறாய்?" என்ற ஒரு வார்த்தை உங்கள் பேனாவில் வராதா? வந்திருந்தால், போகாதீர்கள் அக்கா என்று முதல் நாளே எழுதியிருப்பேன். "உங்கள் விருப்பம்" என்று பெரிய மனுஷி மாதிரி எழுதிவிட்டு, இவருக்குத் தெரியாமல் குளியலறையில் நின்று அழுதேன்.

இனி நீங்கள் அனுப்பும் கடிதம் எதையும் பிரிக்க மாட்டேன். கமாலிடமும் சொல்லிவிட்டேன்.

யோகலட்சுமி


ஆயர் ஈத்தாம்,
20.3.1987, வெள்ளி, என் வீட்டுச் சமையல்கட்டு வாசல்.

யோகம்,

பிரிக்க மாட்டேன் என்று சொன்னாய், அதனால் உறையில் போடாமல் கதவிடுக்கில் தள்ளுகிறேன்.

என் வீட்டுச் சமையல்கட்டை உள்ளே பூட்டிக்கொண்டு என்னையே வாசலில் நிறுத்தி வைக்க உனக்கு எவ்வளவு தைரியம்! ஜன்னல் வழியாகப் பார்த்தாய், நான் பார்த்தேன். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரண்டியை எடுத்தாயே, காலிச் சட்டியையா கிண்டுகிறாய்?

வரும் வழியில் பாயான் பாருவில் காரை நிறுத்தச் சொன்னேன். அலாவுதீனை அவன் கடை வரிசைக்கு முன்னால் வைத்து வாய் வலிக்க ஏசினேன். அவன் வாயெல்லாம் பல்லாக நின்று கேட்டான். பிறகு அவன் ஆணத்தைக் கொடுத்தான். உப்புக் கூடுதல் என்று சபையறியச் சொல்லிவிட்டேன். அவனும் நானும் இனி சுமுகம்.

உங்கள் ஆட்களின் விருந்து என்று எழுதியிருந்தாய். அதை நான் ஏன் உனக்குச் சொல்லித் தரவில்லை தெரியுமா? ஒன்றாவது எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும் என்றுதான். ஆங்கிலக் கடிதம், லைசென்ஸ், பேங்கு எல்லாம் உனக்குத் தெரியும், எனக்கு இது ஒன்று இருக்கட்டுமே என்று வைத்துக்கொண்டேன். இனி ஒளிக்க மாட்டேன். ஹபீபா பீவி மகள் கல்யாணத்துக்கு நீயும் நானும் சேர்ந்துதான் போய்ப் பேசுகிறோம்.

கடைவீட்டுக்காரர் இன்று காலையில் பதில் கேட்டு வந்தார். மருமகன் என் முகத்தைப் பார்த்தார். "என் கூட்டாளியக் கேக்காம நான் எப்பிடிங்க சொல்ல முடியும்?" என்றேன். "கூட்டாளி எங்க இருக்காங்க?" என்றார். "ஆயர் ஈத்தாம்ல, கோவமா இருக்காங்க" என்றேன். கடைவீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே திங்கள் வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறார்.

அதனால் கேட்கத்தான் வந்திருக்கிறேன். யோகம், நீ என்ன நினைக்கிறாய்? வேண்டாம் என்றால் வேண்டாம். வேண்டும் என்றால் இரண்டு கடைக்கும் நாம் இரண்டு பேர். நீ சொல்லாமல் நான் அசைய மாட்டேன்.

மகளுக்கு மிச்ச நாளைத் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்று மருமகனிடம் அடம்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு பேரும் காரில் இருக்கிறார்கள். என் மூக்கோடு ஒருவன் இங்கே உன்னைப் பார்க்க வந்திருக்கிறான்.

கதவைத் திற. பிள்ளை முகத்தில் வெயில் அடிக்கிறது.

உன் கூட்டாளி,
சலேஹா